கட்டிலுக்கடியில் ஒரு சிற்றில்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



பிள்ளைகளுக்கு மார்க்கம் கற்பிப்பதையே பணியாகக் கொண்ட ஒருவன் தன் சொந்த மகளிடம் பாடம் படித்த கதை இது. சொல்வதற்குச் சற்றுக் கூச்சமாகவே இருக்கிறது. எனினும் என்னைப் போன்ற தந்தையர் இன்னும் சிலர் இருக்கக்கூடும் என்பதால் எழுதுகிறேன்.

படாளம் கூட்டுரோட்டிலிருந்து சற்று உள்ளே தள்ளியிருக்கிறது எங்கள் வீடு. வேடந்தாங்கலுக்குத் திரும்பும் பறவைகள் மாலை நேரத்தில் எங்கள் தலைக்கு மேலாகப் பறந்து செல்லும். அப்படி ஒரு மாலையில், அஸர் தொழுகைக்குப் பிறகு நடக்கும் மக்தப் வகுப்பை முடித்துவிட்டு வீடு திரும்பினேன். வாசலை நெருங்கும்போதே உள்ளே சிறுமிகளின் பேச்சும் சிரிப்பும் கேட்டன. வழக்கம்போல் தொண்டையைச் செருமினேன். மறுநொடியே பேச்சு நின்றது. ஏதோ ஒன்று தரையில் இழுபடும் ஓசை வந்தது. அண்டை வீட்டுச் சிறுமிகள் இருவர் பின்வாசல் வழியாக ஓடினார்கள். நான் உள்ளே நுழைந்தபோது, ஒன்பது வயதான என் மகள் கட்டிலின் ஓரத்தில் கைகட்டி அமர்ந்திருந்தாள். கட்டிலுக்கடியில், அவளுடைய துப்பட்டாவால் மூடப்பட்ட அட்டைப்பெட்டி ஒன்று தெரிந்தது.

"பொம்மை வைத்து விளையாடினீர்களா?" என்றேன்.

அவள் பதில் சொல்லவில்லை.

உருவங்கள் உள்ள வீட்டில் மலக்குகள் நுழைவதில்லை என்று வகுப்பில் சொல்வதை வீட்டிலும் ஒரு முறை சொன்னேன். குரலை உயர்த்தவில்லை, ஆனால் அன்பாகவும் சொல்லவில்லை. அதை அப்புறப்படுத்தும்படி கூறிவிட்டு என் அறைக்குள் சென்று கதவைச் சாத்திக்கொண்டேன். பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும் என்ற எண்ணமே எனக்குத் தோன்றவில்லை.

சில நாட்கள் கழிந்தன. மதரஸாவின் மூத்த மாணவர்களுக்கு நபி (ஸல்) அவர்களின் நற்குணங்களைப் பற்றிய பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் தோழியருடன் பொம்மைகள் வைத்து விளையாடிய செய்தி அன்றைய பாடத்தில் வந்தது. ஸஹீஹுல் புகாரியில் உள்ள அறிவிப்பு அது. நபியவர்கள் வீட்டினுள் நுழையும்போது அந்தச் சிறுமிகள் நாணத்தால் ஒதுங்கி மறைந்துகொள்வார்கள்; நபியவர்களோ அவர்களை மீண்டும் அழைத்து, ஆயிஷாவுடன் விளையாடுவதற்காக அனுப்பிவைப்பார்கள். இதனை எத்தனையோ ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். அன்று ஒரு மாணவன் கேட்டான்: "ஹழ்ரத், ஓடி ஒளிந்த பிள்ளைகளை நபியவர்களே தேடிப்போய்க் கூட்டி வந்தார்களா?"

"ஆம்" என்று சொல்ல வாயெடுத்தேன். எங்கள் வீட்டுப் பின்வாசலும், அதன் வழியே ஓடிய அந்த இரு சிறுமிகளும் என் நினைவுக்கு வந்தார்கள். இங்கும் பிள்ளைகள் ஓடி ஒளிந்தார்கள். அவர்களைத் திரும்ப அழைக்கத்தான் யாருமில்லை.

ஸுனன் அபூதாவூதில் இதையொட்டிய இன்னொரு செய்தியும் உண்டு. தபூக் அல்லது கைபர் போரிலிருந்து நபியவர்கள் திரும்பி வந்திருந்த சமயம். ஆயிஷா (ரலி) அவர்களின் பொருட்கள் இருந்த மாடத்தின் திரையைக் காற்று விலக்கியது. உள்ளே பொம்மைகள் தெரிந்தன. இது என்னவென்று நபியவர்கள் வினவினார்கள். இவை என் பெண் மக்கள் என்று பதில் வந்தது. அவற்றின் நடுவே, துணித்துண்டுகளால் இரண்டு இறக்கைகள் வைத்த குதிரை ஒன்று நின்றது. அதைப் பற்றியும் நபியவர்கள் கேட்டார்கள். குதிரைக்கு இறக்கையா என்று அவர்கள் வியக்க, ஸுலைமான் நபியின் குதிரைகளுக்கு இறக்கைகள் இருந்ததை நீங்கள் கேள்விப்பட்டதில்லையா என்று அன்னையவர்கள் திருப்பிக் கேட்டார்கள். கடைவாய்ப் பற்கள் தெரியும் அளவுக்கு நபியவர்கள் சிரித்தார்கள்.

போரிலிருந்து திரும்பிய களைப்பு. ஒரு சமுதாயத்தையே வழிநடத்தும் பொறுப்பு. அந்நிலையிலும் திரைக்குப் பின்னால் இருந்ததைப் பற்றி ஒன்றன்பின் ஒன்றாகக் கேள்விகள் கேட்டார்கள், பதிலைக் காது கொடுத்துக் கேட்டார்கள், பிறகு சிரித்தார்கள். நானோ இது என்னவென்று ஒருமுறைகூடக் கேட்காமல் தீர்ப்புச் சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

அன்று மாலை வீட்டிற்குள் நுழையும்போது செருமவில்லை, ஸலாம் சொன்னேன். மகளின் அருகே தரையில் அமர்ந்து, "அந்தப் பெட்டியில் என்னம்மா இருக்கிறது?" என்று கேட்டேன். அவள் நெடுநேரம் என் முகத்தையே பார்த்தாள். பிறகு பெட்டியை இழுத்துத் துப்பட்டாவை எடுத்தாள்.

உள்ளே ஒரு பொம்மைகூட இல்லை. இருந்தது ஒரு வீடு.

அட்டைப்பெட்டியின் மேல்தாளை உரித்து, உள்ளிருக்கும் நெளிதாளுக்குக் காவி வண்ணம் பூசி ஓட்டுக்கூரை வேய்ந்திருந்தாள். ஐஸ் குச்சிகளால் கதவுகள். பல்குத்தும் குச்சிகளால் சன்னல் கம்பிகள். மருந்துப் புட்டியின் மூடி ஒன்று தண்ணீர்த் தவலையாகியிருந்தது. தீப்பெட்டிகளை அடுக்கி அலமாரி செய்து, அதனுள் விரல்நகம் அளவுக்குக் கிதாபுகளை வரிசையாக வைத்திருந்தாள். மதரஸாவில் கிழிந்துபோன கோரைப்பாயின் ஓரத்திலிருந்து வெட்டிய ஒரு துண்டு, சுவரோரம் முஸல்லாவாக விரிந்திருந்தது. வாசலில் ரப்பரில் வெட்டிய செருப்புகள் நான்கு சோடி.

அது என் தாயாரின் பழைய வீடு. பாகப்பிரிவினைக்குப் பிறகு விற்கப்பட்டு இடிக்கப்பட்டுவிட்ட வீடு. அவளுக்கு நான்கு வயதாக இருந்தபோது பார்த்தது. நினைவில் இருந்ததைக் கொண்டு கட்டியிருக்கிறாள்.

எல்லாக் கதவுகளும் திறந்து மூடின. ஓர் அறையின் கதவு மட்டும் பசையால் ஒட்டப்பட்டிருந்தது. அது ஏன் என்று கேட்டேன்.

"அது உங்க ரூம் அத்தா. நீங்க கிதாபு பார்க்கும்போது மூடியேதானே இருக்கும்? அதனால ஒட்டிட்டேன்" என்றாள்.

அதில் குறை கூறும் தொனி இல்லை. பார்த்ததைப் பார்த்தபடி செய்திருந்தாள், அவ்வளவே. அந்தப் பதிலைக் கேட்டபின் என்னால் உடனே எழுந்திருக்க முடியவில்லை.

இவ்விடத்தில் மார்க்கச் சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்வது என் கடமை. உயிருள்ளவற்றின் உருவங்கள் குறித்துக் கடுமையான எச்சரிக்கைகள் ஹதீஸ்களில் வந்துள்ளன; அவற்றை நாம் இலேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. எனினும் சிறுமியரின் விளையாட்டுப் பொம்மைகளுக்கு விலக்கு உண்டு என்பதே பெரும்பாலான அறிஞர்களின் கருத்து என்று காழீ இயாழ் அவர்கள் குறிப்பிட்டதை இமாம் நவவீ அவர்கள் தம் ஸஹீஹ் முஸ்லிம் விரிவுரையில் எடுத்தெழுதியுள்ளார்கள். அந்த அனுமதி பின்னர் மாற்றப்பட்டுவிட்டது என்று கருதிய ஒரு சாராரும் உண்டு; அதனையும் அவர்கள் மறைக்கவில்லை. பெண்பிள்ளைகள் இல்லப் பொறுப்பையும் குழந்தை வளர்ப்பையும் பழகிக்கொள்வது இந்த அனுமதியின் நோக்கங்களுள் ஒன்று என இப்னு ஹஜர் அவர்கள் தம் ஃபத்ஹுல் பாரியில் எழுதுகிறார்கள். உயிரற்றவற்றைப் பொறுத்தவரை இந்தக் கருத்து வேறுபாட்டுக்கே இடமில்லை. உருவங்கள் வரைந்து பிழைத்த ஒருவருக்கு, மரங்களையும் உயிரற்ற பொருட்களையும் செய்துகொள்ளுமாறு இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் வழிகாட்டிய செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. வீடும் அடுப்பும் அலமாரியும் அந்த வகையைச் சேர்ந்தவையே. என் மகள் செய்திருந்தது எந்த அறிஞருடைய கருத்தின்படியும் குற்றமில்லை. பெட்டியைத் திறந்து பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

அதன் பிறகு விடுமுறை நாட்களில் அவளுடன் அமரத் தொடங்கினேன். வீட்டை முதலிலிருந்து திரும்பக் கட்டுவது என்று முடிவாயிற்று. ஏனெனில் முதல் வீட்டில் ரெஹால் கட்டிலைவிடப் பெரிதாக இருந்தது. செருப்பு வாசற்படியில் கொள்ளவில்லை.

இத்தகைய சிறு வீடுகளைச் செய்வோர் உலகெங்கும் பெரும்பாலும் ஒரே அளவு முறையைக் கையாள்கிறார்கள். உண்மைப் பொருளின் ஓர் அடி, சிறு வீட்டில் ஓர் அங்குலம்; அதாவது பன்னிரண்டில் ஒரு பங்கு. ஆறடிக் கதவு ஆறு அங்குலம் ஆகும். நான்கடி முஸல்லா நான்கு அங்குலம் ஆகும். ஓரடி நீள ரெஹால் ஓர் அங்குலத்தில் அடங்கிவிடும். கூடம், திண்ணை, அடுப்படி ஆகிய மூன்றையும் என் அறையையும் மட்டும் செய்வது என்று எல்லையும் வகுத்துக்கொண்டோம். அரையடி ஸ்கேலும் பிளேடும் ஃபெவிகாலும் உப்புத்தாளுமே எங்கள் கருவிகள். பாலாற்று மணலைச் சலித்துப் பசையுடன் குழைத்துச் சுவருக்குப் பூசினோம். கணக்குப் பாடம் என்றாலே முகம் சுளிப்பவள், பன்னிரண்டாம் வாய்ப்பாட்டைத் தானாகவே மனனம் செய்தாள்.

அளவெடுத்து வெட்டும்போதெல்லாம் ஸபா அத்தியாயம் என் நினைவில் ஓடும். தாவூத் நபி (அலை) அவர்களுக்கு அல்லாஹ் இரும்பை மென்மையாக்கிக் கொடுத்தான். போர்க்கவசங்களைச் செய்யும்படியும், அவற்றின் வளையங்களைச் சரியான அளவில் இணைக்கும்படியும் கட்டளையிட்டான். ஒரு நபிக்கு வந்த இறைக்கட்டளையில், ஒரு வளையத்தின் அளவும் இடம்பெற்றிருக்கிறது. பல முறை ஓதிய வசனம் அது. அதன் பொருளை உப்புத்தாளும் கையுமாக உட்கார்ந்திருந்த நாட்களில்தான் நின்று யோசித்தேன்.

இக்கலையின் வரலாற்றையும் தேடிப் படித்தோம். ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரில் 17-ஆம் நூற்றாண்டிலேயே, வீட்டு நிர்வாகத்தைப் பெண்பிள்ளைகளுக்குக் கற்பிக்கச் சிறு வீடுகள் பயன்பட்டன. இப்னு ஹஜர் அவர்கள் அதற்கும் சுமார் இருநூறு ஆண்டுகளுக்கு முன் எழுதிவைத்த காரணமும் இதுவன்றோ! இங்கிலாந்தின் மேரி அரசிக்காக 1921 முதல் 1924 வரை ஒரு சிறு மாளிகை உருவாக்கப்பட்டது. அதுவும் ஓர் அடிக்கு ஓர் அங்குலம் என்ற அளவில்தான். அதன் குழாய்களில் தண்ணீர் வரும், மின்விளக்குகள் எரியும், நூலகத்தில் அக்காலத்து எழுத்தாளர்கள் தம் கைப்பட எழுதிக் கொடுத்த சின்னஞ்சிறு நூல்கள் உள்ளன. இன்றும் விண்ட்சர் கோட்டையில் அதனைக் காணலாம். வடிவமைத்தவர் எட்வின் லட்யன்ஸ். புதுதில்லியில் குடியரசுத் தலைவர் மாளிகையைக் கட்டியவரும் அவரே. அவ்வளவு பெரிய மாளிகையைக் கட்டியவருக்கு விரலளவு நாற்காலியைச் செய்விக்கவும் பொறுமை இருந்திருக்கிறது என்று மகளிடம் சொன்னேன்.

நம் மண்ணிலும் இதற்குக் குறைவில்லை. மணலில் சிறுமியர் கட்டும் விளையாட்டு வீட்டுக்குச் 'சிற்றில்' என்று தமிழில் பெயரே இருக்கிறது. பிள்ளைத்தமிழில் அது ஒரு பருவம். நபிகள் நாயகத்தின் மீதும் இறைநேசர்கள் மீதும் பிள்ளைத்தமிழ் பாடிய நம் இஸ்லாமியப் புலவர்களும் இருந்தார்கள். அம்பாசமுத்திரத்தில் கடைசல் பிடித்து அரக்கு வண்ணம் ஏற்றிய மரச் சொப்புச் சாமான்கள், அம்மி, உரல், குடம் என்று ஒரு சமையலறையையே உள்ளங்கையில் கொண்டுவந்துவிடும். கர்நாடகத்தின் சன்னப்பட்டணத்தில் வெட்பாலை மரத்தைக் கடைந்து, சுழலும் மரத்தின் மேல் அரக்குக் குச்சியை அழுத்தி, உராய்வின் வெப்பத்தாலேயே வண்ணம் ஏற்றுவார்கள். பிறகு தாழை மடலால் தேய்த்து மெருகேற்றுவார்கள். திப்பு சுல்தான் காலத்தில் பாரசீகக் கைவினைஞர்கள் மூலம் அத்தொழில் அங்கு வந்தது என்பது அவ்வூர் மக்களின் வழக்கு. இன்றளவும் முஸ்லிம் குடும்பங்கள் பல அத்தொழிலில் இருக்கின்றன. பிள்ளைகளின் கைக்கு இதமான பொருளைச் செய்து, ஹலாலான உணவு உண்ணும் கைகள் அவை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளை அழைத்துக்கொண்டு செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் சென்றேன். 1957-இல் அரசு சிற்பப் பயிற்சி நிலையம் தொடங்கப்பட்ட ஊர் அது. தெருவெங்கும் உளியோசை கேட்கும். அங்குள்ளோர் வடிப்பவற்றில் பல, கொள்கையளவில் நமக்கு வேறானவை. ஆயினும் உழைப்பின் நேர்மையைக் காண அது தடையாகாது. ஒரு பட்டறையில் உள்ளங்கை அளவு அம்மியும் குழவியும் விற்பனைக்கு இருந்தன. நமக்கு வேண்டியது இன்னும் சிறியது என்று மகள் ஸ்கேலைக் காட்டி விளக்கினாள். வயது முதிர்ந்த அந்தச் சிற்பி அவள் சொன்னதை முழுவதும் கேட்டார். "பொருள் சின்னதாக ஆக, தப்பு பெரிசாத் தெரியும் பாப்பா. பார்த்துச் செய்யணும்" என்றார். எண்ணிப் பார்த்தால் கணக்கும் அதுவே. பன்னிரண்டில் ஒரு பங்கு அளவில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால், உண்மை வீட்டில் அது பன்னிரண்டு மில்லிமீட்டர் பிசகாகும். அவர் இரண்டு கருங்கல் சில்லுகளைக் காசு வாங்காமல் கொடுத்தனுப்பினார்.

அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே சென்று, முட்டுக்காட்டில் உள்ள தட்சிணசித்ராவைப் பார்த்தோம். பழைய வீடுகளை அவை இருந்த ஊர்களிலேயே பிரித்தெடுத்துக் கொண்டுவந்து மீண்டும் எழுப்பியிருக்கும் இடம், 1996-இல் திறக்கப்பட்டது. வணிகர் வீடு, நெசவாளர் வீடு, குயவர் வீடு என்று ஒவ்வொன்றாக நுழைந்து, திண்ணையின் உயரத்தையும் தூணின் பருமனையும் சாணால் அளந்து நோட்டில் குறித்தாள். இடிக்கப்படாமல் காப்பாற்றப்பட்ட வீடுகள் அவை. "நன்னி வீட்டையும் இங்கே கொண்டுவந்திருக்கலாமே அத்தா" என்றாள். நான் பதில் சொல்லவில்லை.

நாளடைவில் அந்த வேலை எங்கள் இருவருடையது மட்டுமாக இல்லாமல் போயிற்று. பின்வாசல் வழியே ஓடிய அந்த இரு சிறுமிகளை நானே சென்று அழைத்தேன். ஒருத்தி மணிகளைக் கோத்து வாசல் திரை செய்தாள். மற்றொருத்தி களிமண்ணில் சட்டி பானைகள் பிடித்தாள். அண்டை வீட்டு இந்துச் சகோதரி, நவராத்திரிக் கொலுவின் அடியில் தாங்கள் வயல் அமைக்கும் விதத்தைச் சொல்லிக் கொடுத்தார். கேழ்வரகை மணலில் தூவி நீர் தெளித்தால் சில நாளில் பச்சைப் பயிர் எழும்பும். எங்கள் வீட்டின் கொல்லைப்புறம் அப்படித்தான் பச்சையாயிற்று.

எல்லாவற்றிலும் நான் எதிர்பாராதது என் தாயார் வந்து அமர்ந்தது. வீடு விற்ற நாள் முதல் அவர் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. நாங்களும் கேட்டதில்லை. ஒரு நாள் எங்கள் பின்னால் வந்து நின்று பார்த்தவர், "அடுப்பு இந்தப் பக்கம் இல்லை, அந்தச் சுவரோரம்" என்றார். மறுநாள் கிணற்றடியைப் பற்றிச் சொன்னார். அதற்கடுத்த நாள், என் தந்தையார் ஒளுச் செய்ய அமரும் கல் எங்கே கிடந்தது என்று காட்டினார். மாமல்லபுரத்துச் சில்லு ஒன்று அந்தக் கல்லாயிற்று. அதை அவர் கையாலேயே வைத்தார். வைத்துவிட்டு, என் தந்தையாரின் மஃக்ஃபிரத்திற்காகச் சற்று நேரம் துஆ செய்தார்.

பெற்றோர்களுக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். இதற்காகப் பணத்தை வாரியிறைத்துக் கடைகளில் பொருள் வாங்கிக் குவிக்க வேண்டியதில்லை; அது வீண்விரயம் ஆகும். வீட்டில் கழித்துப்போடும் அட்டையும் மூடியும் குச்சியும் போதும். பாங்கு சொன்னால் பசை காய்வதற்குக் காத்திருக்காமல் எழுந்துவிட வேண்டும் என்பதை எங்கள் வீட்டில் விதியாக வைத்திருக்கிறோம். ஆஷூரா நோன்பு நோற்ற பிள்ளைகள் பசியால் அழும்போது, நோன்பு திறக்கும் வரை அவர்களுக்குக் கம்பளி ரோமத்தால் விளையாட்டுப் பொருள் செய்து கொடுத்தார்கள் ஸஹாபிப் பெண்மணிகள் என்று புகாரியில் உள்ளது. விளையாட்டை வணக்கத்திற்குத் துணையாக்கிக்கொண்ட சமுதாயம் நம்முடையது.

வீடு ஏறத்தாழ முடிந்துவிட்டது. கடைசியாக மிஞ்சியது என் அறையின் கதவு. அதை நான் செய்வதாகக் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஆறு அங்குல உயரம். ஐஸ் குச்சிகள் எட்டு. கீலுக்குப் பழைய தொப்பியிலிருந்து ஒரு துணிப்பட்டை வெட்டி ஒட்டினேன். முதல் முறை கோணலாக நின்றது, நிலையில் இடித்தது. தப்பு பெரிதாகத் தெரிந்தது. பிரித்து மீண்டும் செய்தேன். மூன்றாம் முறை தடையின்றித் திறந்தது. மகள் விரலால் தள்ளிப் பார்த்துவிட்டு அப்படியே திறந்து வைத்தாள்.

இப்போது நான் கிதாபு பார்க்கும்போது என் அறையின் கதவும் திறந்தே இருக்கிறது. சில நேரங்களில் இரைச்சலாக இருக்கிறது. பாடக் குறிப்புகள் தாமதமாகின்றன. மாலையில் வாசலில் நின்று ஸலாம் சொல்கிறேன். உள்ளேயிருந்து நான்கைந்து குரல்கள் பதில் ஸலாம் சொல்கின்றன. பேச்சு நிற்பதில்லை. எதுவும் கட்டிலுக்கடியில் இழுக்கப்படுவதும் இல்லை.

யா அல்லாஹ்! எங்கள் துணைவியரையும் பிள்ளைகளையும் எங்களுக்குக் கண்குளிர்ச்சியாக ஆக்குவாயாக! நாங்களும் அவர்களுக்கு அச்சமாக இல்லாமல் கண்குளிர்ச்சியாக இருக்க அருள்புரிவாயாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.